இருபத்திரண்டு கிராம் சூரியன்

நம் தெருச் சங்கத்தின் நவராத்திரி மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். "சின்ன வயசு நினைவு ஏதாவது எழுதிக் குடு, நவராத்திரிக்குள்ள அச்சுக்குப் போகணும்" என்றார்கள். இது ஒரு பக்கத்தில் அடங்காது. பாத்திரக்கடை விளம்பரத்தையும் சமையல்காரர் விளம்பரத்தையும் ஒரே பக்கத்தில் நெருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் தெருவில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. ஒருத்தி தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்துவிட்டாள், ஒருவன் படியேறும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். ஆறாம் வகுப்பின் நடுவில் நான் ஏன் நம் கொச்சி மட்டாஞ்சேரியை விட்டுப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் போவதற்கு முந்தைய வாரம் குழாயடியில் என்னைப் 'பித்தளை' என்று கூப்பிட்டவர்கள் நாலு பேர். பெயர்களை அன்றே எழுதி வைத்தேன். இங்கே போடவில்லை. நாலு பேரும் சந்தா கட்டியவர்கள், எப்படியும் படிப்பார்கள்.

அப்பா யூதத் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தார். கடைக்காரரை முதலாளி என்றே எழுதுகிறேன். பெயரைப் போடமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது ஏன் என்பது பின்னால் வரும். வாக்கைக் காப்பாற்றுகிறேன். அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் அது என் தப்பில்லை.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. அம்மா சாயங்காலம் வரை ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போவாள். பள்ளி விட்டதும் நான் நேராகக் கடைக்குப் போய்விடுவேன். பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை வரும், ஈர மரத்தின் வாசனை வரும், நடுவில் முதலாளியின் சாயா வாசனை. கூரையில் மூன்று இடத்தில் ஒழுகும். மூன்று உருளி வைத்திருப்போம். விற்பனைக்கு இருந்த உருளிகள்தான். வெள்ளைக்காரர்கள் வந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு விலை சொல்வார் முதலாளி.

அவருடைய உயிர் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. உள்ளே பச்சை வெல்வெட், அதில் ஏழு குழி, ஏழு குழியிலும் ஏழு வெள்ளிக்காசு. எல்லாம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடித்தவை. மிளகு வாங்க வந்த கப்பல்களில் கை மாறி மாறி வந்து, பழைய வீட்டுப் பெட்டிகளில் கிடந்தவை என்பார். தரகர்களிடம் ஒவ்வொன்றாக வாங்கிப் பத்து வருஷத்தில் சேர்த்திருந்தார்.

பொலிவியா இரண்டு. ஒரு மரம், அதன் அடியில் இரண்டு லாமாக்கள் உட்கார்ந்திருக்கும். எனக்கு லாமா தெரியாது. கழுத்து நீண்ட ஆடு என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன். பெரு இரண்டு. ஈட்டி பிடித்து நிற்கும் ஒரு பெண். சிலி இரண்டு. பெரிய கழுகு. அதில் ஒன்றின் மேல் சீன வியாபாரி யாரோ சோதித்துப் பார்த்து அடித்த சின்ன முத்திரை. ஏழாவது, இன்று அர்ஜென்டினா என்று சொல்கிற ஊருடையது. கண்ணும் மூக்கும் வைத்த சூரியன், சுற்றிலும் கதிர்கள். முதலாளிக்கு மற்ற ஆறும் சேர்ந்து ஒரு கண் என்றால், சூரியன் மட்டும் ஒரு கண்.

ஏழும் கறுப்பு. வெறும் கறுப்பில்லை. சாய்த்துப் பார்த்தால் புறாக் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவும் ஓடும். காசு சேர்ப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் வேண்டும். நூறு வருஷம் காற்றுப் பட்டு ஏறிய நிறம் அது. அதைத் தேய்த்துவிட்டால் காசு செத்த மாதிரி. இது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை. காசைத் தொடாதே என்றுகூடச் சொல்லவில்லை, ஏனென்றால் என்னைத் தொடச் சொன்னதே அவர்கள்தான்.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். காசில் இருக்கும் எழுத்துகளை வரைந்து ஒரு பட்டியல் போட்டுத் தரச் சொன்னார். இரட்டைக்கோடு நோட்டு ஒன்றை எடுத்தேன். வரிசை எண், படம், எழுத்து, அடையாளம், எடை. சூரியனுக்கு 'இடது கன்னத்தில் அரிசி அளவு பள்ளம், கீழே ஒரு கதிர் வளைந்தது' என்று எழுதினேன். கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஆறு காசு இருபத்தைந்துக்கும் இருபத்தேழுக்கும் இடையில் நின்றது. சூரியன் இருபத்திரண்டு. மூன்று தடவை நிறுத்தேன்.

"முதலாளி, சூரியன் மட்டும் எடை கம்மியா இருக்கு."

மேசைக்கு அந்தப் பக்கம் சாயா குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை வாய்க்குப் போகும் வழியில் ஒரு நொடி நின்றது.

"மோளே, சூரியன் தீயல்லே? தீக்கு எந்து பாரம்?" நெருப்புக்கு ஏது எடை என்று சிரித்தார். எனக்கு ஒரு நாரங்கா மிட்டாய் கொடுத்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். மிட்டாயைத் தின்றுகொண்டே '22' என்று எழுதினேன். பக்கத்தில் ஆரஞ்சுக் கறை இன்னும் இருக்கிறது.

புரட்டாசி முடியும் சமயம். பூஜை நாட்களில் கடையைப் பூட்டி ஓடு மாற்றுவதாக இருந்தது. வெள்ளிக்காசு சேர்க்கும் ஒரு டாக்டர் விஜயதசமியன்று பெட்டியை வாங்க வருவதாகவும் இருந்தது. ஓட்டு வேலைக்கு வருகிறவர்களை நம்பிப் பெட்டியைக் கடையில் விடமுடியாது. "நீ வீட்டில கொண்டுபோய் வெச்சோ" என்று அப்பாவிடம் கொடுத்தார் முதலாளி.

நம் வீடுகளில் என்ன வழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். புத்தகம், தொழில் கருவி எல்லாம் சரஸ்வதி முன்னால் வைக்க வேண்டும். வைத்தபின் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. விளக்காத எதுவும் சாமிமுன் போகக்கூடாது. அப்பா தன் பூதக்கண்ணாடியையும், அதன் பக்கத்தில் காசுப் பெட்டியையும் வைத்துவிட்டு வாழையிலை வாங்கப் போனார். அம்மா சுண்டலுக்குத் தேங்காய் துருவப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். என்னிடம் குங்குமச்சிமிழ், குத்துவிளக்கு, மூன்று வெள்ளி டம்ளர், ஊறவைத்த புளி, விபூதி, பழைய வேட்டித் துணி.

எல்லாம் விளக்கி முடித்தேன். புளி மிச்சம் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். ஏழு கறுப்பு முகம். இதையா சாமிமுன் வைப்பது என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

லாமாக்களின் கழுத்து மடிப்புக்குள் துணியின் முனையை முறுக்கி விட்டுத் தேய்த்தேன். கழுகின் இறக்கையை ஒவ்வொரு இறகாகத் தேய்த்தேன். அவ்வளவு ஒழுங்காக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஆறும் புது டம்ளர் மாதிரி வெளுத்தன. சூரியனைத் தேய்த்தபோது மூக்கில் மஞ்சள் வந்தது. கன்னத்தில் வந்தது. மூச்சே நின்றுவிட்டது எனக்கு. மற்றதெல்லாம் வெள்ளியாக வெளுக்க, சூரியன் தங்கமாக வெளுக்கிறது! பெட்டியை மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. விஜயதசமியன்று திறக்கும்போது எல்லோரும் ஆச்சரியப்பட வேண்டும் என்று நினைத்தேன். மூன்று நாள் அந்தச் சந்தோஷத்தோடு தூங்கினேன். பூஜையில் வைத்ததால் யாரும் பெட்டியைத் தொடவில்லை.

அன்று காலை அப்பா பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் உட்கார்ந்திருந்தார். முதலாளிதான் மூடியைத் திறந்தார்.

டாக்டர் ஒரு காசை எடுத்தார், பார்த்தார், எச்சில் பாத்திரத்தை வைப்பதுபோல் திரும்ப வைத்தார். "ஆரா இது கழுகியது?" யார் கழுவியது என்று கேட்டார். பிறகு சூரியனை எடுத்து நகத்தால் சுரண்டினார். "இது பித்தளை" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடினார்.

அப்பா ஒரு காசை மூக்கருகே கொண்டுபோனார். லாமாவின் கழுத்தில் விபூதி மிச்சம் இருந்தது. அவர் முகத்தில் ஏதோ கணக்குப் போய் முடிந்தது. "நான்தான் தேய்ச்சேன், முதலாளி" என்றார்.

விற்பனைக்கு இருந்த ஒரு பெரிய மரக்குதிரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

"நீயா?" என்றார் முதலாளி. "பதினஞ்சு கொல்லம் காசு பார்த்தவன் விபூதி போட்டுத் தேய்ப்பானா? எடோ, என்ட சூரியன் எவிடே? அசலை எடுத்துட்டுப் பித்தளை வெச்சே. இது மட்டும் தனியாத் தெரியாம இருக்க மத்ததையும் வெளுத்தே. அல்லே?"

"இல்லை முதலாளி. சாமிமுன்னால வைக்கணும்னு…"

"சாமி! உன்ட சாமியாணோ சூரியனை எடுத்தது?"

அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவில் இறக்கினார். கடை கடையாக ஏற்றினார். "இவனை நன்னாப் பார்த்துக்கோ. என்ட வெள்ளிக்காசை மாத்தினவன். பாண்டியை விஸ்வசிச்சதுக்குக் கிட்டினது இது." பாண்டி என்றால் நாம், தமிழ்க்காரர்கள். கம்பளக் கடை, சிலைக் கடை, மசாலாக் கடை, மறுபடி சிலைக் கடை. நான் பின்னாலேயே போனேன். பதினொரு கடை. செய்ய வேறு எதுவும் தெரியாததால் எண்ணினேன். ஏழாவது கடையில் அப்பாவின் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொள்ள முதலாளி விடவில்லை. போலீசுக்குப் போகவில்லை, அதைப் பெரிய தயவு என்று சொல்லிக்கொண்டார்.

அதற்குப்பின் அந்தத் தெருவில் அப்பாவை யாரும் படியேற்றவில்லை. வைட்டிலாவில் ஓர் அறை எடுத்துப் போனோம். எழுத்தின்மேல்கூடப் படாமல் காசின் விளிம்பை மட்டும் பிடிக்கத் தெரிந்த அப்பாவின் விரல்கள், காய்கறி மண்டியில் மூட்டையின் மூலையைப் பிடித்தன. பூதக்கண்ணாடி எங்கே போனது என்று தெரியாது. நோட்டை என் சான்றிதழ்களோடு வைத்திருந்தேன்.

உலோகம் படித்தேன். எர்ணாகுளத்தில் நகையும் உலோகமும் தரம் பார்க்கும் ஒரு கூடத்தில் இருக்கிறேன். தற்செயலாக இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பேன். பொய். முதல் வருஷம் அடர்த்திப் பாடம் நடந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. அதே அளவு வெள்ளி இருபத்தேழு கிராம் என்றால், பித்தளை இருபத்திரண்டு. நோட்டில் நான் '22' எழுதியது ஆடி மழையில், முதலாளியின் மேசையில், பெட்டி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பு. சூரியனை யாரும் மாற்றவில்லை. அது பித்தளையாகவே வந்தது. அவருக்கும் அது என் வாயாலேயே தெரியும். அதற்குத்தான் மிட்டாய்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நோட்டு கூடத்தில் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் ஒருநாள் வருவார் என்று காத்திருக்கவில்லை. நானே போவதாகத்தான் இருந்தேன். போன மழைக்காலத்தில் அவரே வந்தார்.

கைத்தடி, காது மெஷின். அதே மரப்பெட்டி. வெளிநாட்டில் ஒருவர் வாங்கப் போகிறார், தரச் சான்று கேட்கிறார் என்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏழு குழியிலும் ஏழு காசு, ஏழும் கறுப்பு. ஆறு காசு இத்தனை வருஷத்தில் மறுபடி தானாகக் கறுத்திருந்தது. சூரியனுக்குப் புதிதாக வெள்ளிப் பூச்சு, அதன்மேல் மருந்து போட்ட கறுப்பு. இடது கன்னத்தில் அரிசி அளவு பள்ளம். கீழே ஒரு கதிர் வளைந்தது.

வழக்கமான வரிசையில் செய்தேன். எடை, அளவு, பிறகு எக்ஸ்ரே கருவி. ஆறு காசு வெள்ளி. ஏழாவதற்குத் திரையில் செம்பும் துத்தநாகமும் ஏறின.

"இருபத்திரண்டு கிராம்" என்றேன்.

"பழசல்லே மோளே, தேஞ்சு போயிருக்கும்."

"தீக்கு எந்து பாரம், இல்லையா முதலாளி?"

காது மெஷினைத் தொட்டுப் பார்த்தார். சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நோட்டைத் திறந்து அவர்முன் வைத்தேன். மிட்டாய்க் கறையைக் காட்டினேன்.

"நீ அந்த…" என்றார். பிறகு, "உன்ட அப்பனை நான் போலீசில் கொடுத்தில்லல்லோ."

"கொடுத்திருந்தா அவங்க எடை போட்டிருப்பாங்க. அதான் கொடுக்கலை."

அவர் கை பெட்டியின் மேல் இருந்தது. தரகர் தன்னை ஏமாற்றிவிட்டார், நான் நிறுத்துச் சொன்ன அன்றுதான் தெரிந்தது, அதற்குள் டாக்டரிடம் பேசி முடித்தாயிற்று, வெளியே தெரிந்தால் பேர் போய்விடும் என்றார். "உங்க பேர் போகாம இருக்க எங்கப்பா பேர்" என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான், அவ்வளவு சாதாரணமாக.

அறிக்கையில் பித்தளை என்று போட்டேன். பிறகு சொன்னேன். நம் மலரில் இதை எழுதப் போகிறேன், நோட்டின் படத்தோடு, அவர் பெயரோடு. பெயர் வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. அதே பதினொரு கடை, அதே வரிசை. ஒவ்வொன்றிலும் ஏறி, 'அந்த மனுஷன் எடுக்கலை, எனக்கு அப்பவே தெரியும்' என்று சொல்ல வேண்டும். நான் பின்னால் வருவேன்.

அடுத்த ஞாயிறு பதினொரு மணி வெயிலில் நடந்தார். நான் கடைகளின் பட்டியலோடு பின்னால் போனேன். சொல்லிவிட வேண்டியதுதான், எனக்கு அது இனித்தது. கம்பளக் கடை இப்போது காப்பிக் கடை. சிலைக் கடையில் காஷ்மீர்க்காரர் ஒருவர் சால்வை விற்கிறார். முதலாளி சொன்னதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஆரா இந்த ஆள்?" என்றார், பிறகு ஒரு சால்வையை விரித்துக் காட்டினார். பதினொன்றில் அப்பாவைத் தெரிந்தவர்கள் இரண்டு கடையில்தான் மிச்சம். மசாலாக் கடைக்காரர் மட்டும் கையிலிருந்த ஏலக்காயைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு, "எத்ர கொல்லம் ஆயி?" என்று வருஷக் கணக்குக் கேட்டார். முதலாளி அடுத்த படியைப் பார்த்து நடந்தார். ஏழாவது கடைப் படியில் நின்று மூச்சு வாங்கினார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். உட்கார விடவில்லை. பதினொன்றையும் டிக் செய்தேன்.

காக்கநாட்டில் என்னோடுதான் அப்பா இருக்கிறார். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்று மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். '22' மேல் விரல் வைத்தார்.

"பதினொண்ணும் ஏறினாரா?"

"ஏறினார்."

"முட்டி வலி உண்டே அவருக்கு" என்றார். ரசம் ஊற்றிக்கொண்டார். பிறகு, "உங்கம்மா இருந்திருக்கணும். அவ கையை நான் ஒரு நாளும் குத்தம் சொன்னதில்லைம்மா. சுத்தம் பார்த்த கை. அவ தெரியாமத் தேய்ச்சுட்டா. கேட்டா உடைஞ்சு போவாள்னு கேக்கவே இல்லை."

என் கையில் கரண்டி இருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகச் சொன்ன சிலவற்றில் ஒன்று இது: "உங்கப்பாவுக்கு அன்னைக்கு என்ன புத்தி கெட்டுதோ, போய்க் காசைத் தேய்ச்சார். கேட்டா மனசு விட்டுடுவார்னு நான் கேட்டதே இல்லை, நீயும் கேக்காதே." அப்பா சொன்ன பொய்யை அம்மா நம்பினாள். யாருக்காக அந்தப் பொய்யைச் சொன்னாரோ, அவளே நம்பினாள். இருபது வருஷம் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், செய்யாத தப்புக்கு.

மரக்குதிரைக்குப் பின்னாலிருந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'நான்தான் தேய்ச்சேன், பூஜைக்கு' என்று ஒரு குழந்தை சொன்னால் அந்த டாக்டரே நம்பியிருப்பார். அப்பாவின் பொய்யைத்தான் அந்தக் கடையில் யாராலும் நம்ப முடியவில்லை. அந்தப் பொய்தான் அவரைத் திருடனாக்கியது.

அன்று சாப்பாட்டின் முன் என்னால் சொல்ல முடியவில்லை. பதினொரு படி ஏற ஒரு கிழவரை விரட்டினவளுக்கு, ஒரு தட்டைத் தாண்டிப் பேச வாய் வரவில்லை. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். அப்பா நம் மலரை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பார். நாலு பேரும் படிப்பீர்கள், முதலாளிக்கும் யாராவது படித்துச் சொல்வீர்கள். எல்லோருக்கும் முன்னால் சொல்லத்தான் வேண்டும், முதலாளியிடமும் அப்படித்தானே வாங்கினேன்.

என் பட்டியலில் பன்னிரண்டாவது வரி டிக் இல்லாமல் இருக்கிறது. அது நம் வீடு.

அப்பா, அம்மா இல்லை. நான்தான் தேய்த்தேன்.